நட்டு வைத்த நெருப்பு

ஊத்தங்கரை வட்டாரத்துக்காரர்களுக்குச் சாமல்பட்டி என்றால் முதலில் ரயில் நிலையம்தான் நினைவுக்கு வரும். சேலம் - ஜோலார்பேட்டை பாதையில் இருக்கும் நிலையம் அது. அங்கிருந்து ஜோலார்பேட்டை போய் வண்டி மாறி, குப்பம், பங்காருப்பேட்டை வழியாக மேட்டுநிலம் ஏறினால் பெங்களூரு கண்டோன்மென்ட் வந்துவிடும். இறங்கி ஆட்டோ பிடித்துப் பிரேசர் டவுன் என்று சொன்னால் போதும்.

பிரேசர் டவுன் உருவானதற்குப் பின்னால் ஒரு கொள்ளைநோய் இருக்கிறது. 1898இல் பெங்களூரைப் பிளேக் தாக்கியபோது கண்டோன்மென்ட் பகுதியின் நெரிசலைக் குறைக்கப் புதிய குடியிருப்புகள் திட்டமிடப்பட்டன. அவற்றில் ஒன்று இது; 1910 வாக்கில் எழுந்து, ஸ்டூவர்ட் பிரேசர் என்ற ஆங்கில அதிகாரியின் பெயரைப் பெற்றது. இன்றைய அரசுப் பெயர் புலிகேசி நகர். ஆட்டோக்காரர்கள் அதைச் சொல்வதில்லை. படையைப் பின்தொடர்ந்து வந்து குடியேறிய தமிழர்கள், உருதும் கச்சியும் பேசும் வணிகக் குடும்பங்கள், ஆங்கிலோ இந்தியர்கள், மலையாளிகள், கன்னடர்கள் என்று எல்லோரும் நூறாண்டாக இங்கே அக்கம்பக்கத்தார். மாஸ்க் ரோட்டில் சாயங்காலம் நடந்தால் ஒரே கடை வாசலில் நான்கு மொழிகளில் ஆர்டர் கொடுப்பதைக் கேட்கலாம்.

அந்தச் சாலையில் 'அரேபியன்' என்று பலகை மாட்டிய கடைகள் வரிசையாக இருக்கின்றன. அங்கே விற்பதெல்லாம் ஒரே நாட்டு உணவு என்று நினைத்துவிட வேண்டாம். மந்தி ஏமன் நாட்டுச் சோறு, கப்சா சவூதி வழி. ஹம்முஸ், தூம், தப்பூலே, ஃபத்தூஷ், மடக்கிய ரொட்டிக்குள் ஷவர்மா ஆகியவைதாம் லெபனான் மேசையைச் சேர்ந்தவை. 1975 முதல் 1990 வரை நடந்த உள்நாட்டுப் போர் லெபனானியரைப் பெருமளவில் வெளிநாடுகளுக்குத் துரத்தியது. வளைகுடா நகரங்களில் அவர்கள் சமைத்ததை அங்கே வேலைக்குப் போன மலையாளிகளும் தமிழர்களும் சாப்பிட்டுப் பழகினார்கள். சிலர் சமைக்கவும் கற்றுக்கொண்டு ஊர் திரும்பினார்கள். இன்று பெங்களூரு வரை போகவே தேவையில்லை. ஓசூரில், கிருஷ்ணகிரியில், போச்சம்பள்ளி சிப்காட்டில் ஷிப்ட் முடிந்து வருகிறவர்கள் இறங்கும் இடங்களில் எல்லாம் ஷவர்மாக் கம்பி சுற்றிக்கொண்டிருக்கிறது.

அந்தக் கம்பியைக் கொஞ்ச நேரம் நின்று பார்க்க வேண்டும்.

இறைச்சியைக் கம்பியில் குத்தி நெருப்புக்கு மேல் சுற்றுவது மனிதர்களுக்கு மிகப் பழைய பழக்கம். கம்பியும் படுத்திருக்கும், நெருப்பும் கீழே படுத்திருக்கும். உருகும் கொழுப்பு நேராகத் தணலில் விழுந்து, குப்பென்று எரிந்து, கரியாகவும் புகையாகவும் வீணாகும். 19ஆம் நூற்றாண்டில் ஒட்டோமான் துருக்கியில் யாரோ இரண்டையும் நிமிர்த்தி நட்டார்கள். ஜேம்ஸ் ராபர்ட்சன் என்ற புகைப்படக்காரர் 1855இல் இஸ்தான்புல்லில் எடுத்த படத்தில் நிமிர்ந்து நிற்கும் அந்தக் கம்பி தெளிவாகத் தெரிகிறது. திருப்பத்தின் பலன்கள் உடனே கிடைத்தன. உருகிய கொழுப்பு இப்போது நெருப்பில் விழாது. இறைச்சியின் மேலேயே வழிந்து, கீழே உள்ள அடுக்குகளைக் குளிப்பாட்டிக்கொண்டு இறங்கும். அதனால்தான் தெரிந்த மாஸ்டர்கள் கொழுப்பும் தோலும் உள்ள துண்டுகளை மேல்பக்கம் செருகுகிறார்கள். நெருப்பை அணைக்காமல், கம்பியை எடுக்காமல், பக்கவாட்டில் கத்தியைப் போட்டுச் சீவவும் முடியும்.

நெருப்பும் சாதாரண நெருப்பு இல்லை. கம்பிக்குப் பின்னால் செக்கச் செவேலென்று ஒளிரும் தட்டுகளைக் கவனித்திருப்பீர்கள். அவை நுண்ணிய துளைகள் உள்ள பீங்கான் தட்டுகள். எரிவாயு அந்தத் துளைகளின் வாயிலேயே எரிந்து தட்டையே 800, 900 டிகிரி செல்சியஸுக்குப் பழுக்கவைக்கிறது. பிழம்பு இறைச்சியைத் தொடுவதே இல்லை. வெப்பம் ஒளியைப் போல நேர்கோட்டில் பாய்ந்து போகிறது. கதிர்வீச்சு வெப்பம் என்பது இதுதான், வெயில் நம்மைச் சுடுவதும் இதே வழியில்தான். இந்தக் கதிர்வீச்சுக்கு ஒரு முரட்டுக் குணம் உண்டு. தனிச்சுழியிலிருந்து தொடங்கும் கெல்வின் அளவில் கணக்கிட்டால், தட்டின் சூடு இரண்டு மடங்கானால் அது உமிழும் வெப்பம் பதினாறு மடங்காகும். மாஸ்டர் அடிக்கடி கம்பியை முன்னே பின்னே நகர்த்துவதும், ஒரு பர்னரை மட்டும் குறைப்பதும் இந்த முரடனைக் கட்டிப்போடத்தான்.

இவ்வளவு சூடும் உள்ளே எவ்வளவு தூரம் போகிறது? இறைச்சியில் ஏறக்குறைய முக்கால் பங்கு தண்ணீர். வெப்பம் அதில் மெதுவாகத்தான் ஊறும். தோராயக் கணக்கு இது: ஒரு நிமிடத்தில் 3 மில்லிமீட்டர். ஆழம் இரட்டிக்க வேண்டுமென்றால் நேரம் நான்கு மடங்காக வேண்டும். 6 மில்லிமீட்டருக்கு 4 நிமிடம், 12க்கு 16 நிமிடம், இரண்டரை சென்டிமீட்டரை எட்ட ஒரு மணி நேரம், ஐந்து சென்டிமீட்டரை எட்ட நான்கு மணி நேரத்துக்கும் மேல். இருபது கிலோ கோழியைக் குத்திய கம்பியின் நடுப்பகுதி வேகும்வரை காத்திருந்தால் வெளிப்பக்கம் கரியாகிவிடும்.

ஷவர்மாவின் சாமர்த்தியம் இங்கேதான் இருக்கிறது. வெப்பத்தை உள்ளே தள்ள அது முயல்வதே இல்லை. வெந்த மேல்தோலைக் கத்தி சீவி எடுத்ததும் அடுத்த தோல் நெருப்பின் முன்னால் வந்து நிற்கிறது. கத்தி எடுக்கும் சீவலின் தடிமனைப் பாருங்கள்: இரண்டு மூன்று மில்லிமீட்டர். வெப்பம் ஒரு நிமிடத்தில் கடக்கும் தூரமும் அதே அளவுதான். இந்த இரண்டு எண்களும் பொருந்துவது தற்செயல் இல்லை. வெப்பக் கடத்தல் சமன்பாடு எதுவும் தெரியாமல், கைப்பழக்கத்திலேயே சமையற்காரர்கள் அந்த அளவுக்கு வந்து சேர்ந்திருக்கிறார்கள்.

சீவலின் மொறுமொறுப்பு வேறொரு கதை. 1912இல் லூயி கமீல் மெய்யார் என்ற பிரெஞ்சு அறிஞர், புரதத்தின் அடிப்படைக் கூறுகளான அமினோ அமிலங்களும் சர்க்கரையும் சூட்டில் கூடினால் பழுப்பு நிறமும் புது மணங்களும் பிறப்பதை விளக்கினார். மெய்யார் வினை என்று அதற்குப் பெயர். தோசையின் அடிப்பக்கமும் வறுத்த காப்பிக்கொட்டையும் அதன் பிள்ளைகளே. இந்த வினை வேகம் பிடிக்க 140 டிகிரி அளவுக்குச் சூடு வேண்டும். ஈரம் இருக்கும்வரை எந்தப் பரப்பும் 100 டிகிரியைத் தாண்டாது. ஒரு கிராம் தண்ணீரை 30 டிகிரியிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுவர ஆகும் வெப்பத்தைப் போல ஏறக்குறைய எட்டு மடங்கு, அதே கிராமை ஆவியாக்கத் தேவைப்படுகிறது. எனவே கம்பி மாட்டிய முதல் முக்கால் மணி நேரம் கோழி வெறுமனே வேர்த்துக்கொண்டிருக்கும். வேர்வை அடங்கி மேற்பரப்பு காய்ந்த பிறகுதான் தெருமுனை வரை மணம் வரும். ஊறல் மசாலாவில் சேரும் தயிரும் இதற்கு உதவுகிறது. அதிலுள்ள பால் சர்க்கரை பழுப்பேற உடன்வருகிறது.

நூறு துண்டுகளை அடுக்கிய அந்தக் கோபுரம் சரியாமல் நிற்பது உப்பின் வேலை. உப்பு இறைச்சித் தசையிலிருந்து மயோசின் என்ற புரதத்தைக் கரைத்து வெளியே இழுக்கிறது. பிசுபிசுப்பான அந்தப் புரதம் சூடு பட்டதும் கெட்டியாகி, பக்கத்துத் துண்டோடு ஒட்டிக்கொள்கிறது. சீவும்போது கைப்பிடியாக ஒரு தகடு பெயர்ந்து வருவது அதனால்தான்.

இந்தப் பொறியமைப்பின் பலவீனமும் அதன் சாமர்த்தியத்தில்தான் ஒளிந்திருக்கிறது. மேல்தோல் 70, 80 டிகிரியில் வெந்திருக்க, இரண்டு விரல் உள்ளே வெதுவெதுப்பு மட்டுமே இருக்கும். 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் இடைப்பட்ட சூடு பாக்டீரியாக்களுக்கு விருந்து மண்டபம். நல்ல சூழல் கிடைத்தால் ஒரு கிருமி 20 நிமிடத்தில் இரண்டாகும். ஏழு மணி நேரத்தில் இருபத்தொரு முறை இரட்டிக்கலாம். ஒன்று இருபது லட்சத்தைத் தாண்டிவிடும். கூட்டம் நெரிக்கும்போது கத்தி 3 மில்லிமீட்டரைத் தாண்டி ஆழமாக இறங்கினால் வேகாத கோழி ரொட்டிக்குள் வந்துவிடும். இரவு மிஞ்சியதைக் குளிர்பெட்டியில் வைத்து மறுநாள் அதே கம்பியில் ஏற்றினால் நேற்றைய கிருமிக் கணக்கு தொடரும். 2022 மே மாதம் கேரளத்தின் செறுவத்தூரில் ஒரு மாணவியும், 2023 செப்டம்பரில் நாமக்கல்லில் 14 வயதுச் சிறுமியும் ஷவர்மா சாப்பிட்டபின் இறந்தார்கள். சீவியதை அப்படியே கட்டிக் கொடுக்காமல் சூடான தோசைக்கல்லில் ஒரு புரட்டு புரட்டித் தரும் கடைக்கே நான் போவேன். கோழியின் உட்சூடு 74 டிகிரியைத் தொட்டால் பயமில்லை. அதற்கு அந்த ஒரு புரட்டு போதும்.

அடுத்து ரொட்டி. வளைகுடா போய் வந்தவர்கள் எல்லோரும் அறிந்த குப்பூஸ். மைதா, ஈஸ்ட், உப்பு, தண்ணீர், இவ்வளவுதான். மெல்லிய வட்டமாகத் தேய்த்து, கொதிக்கும் அடுப்பின் தரையில் போட்டால் ஒரு நிமிடத்துக்குள் பலூனாகிறது. காற்றை யாரும் ஊதவில்லை. ஒரு சொட்டுத் தண்ணீர் 0.05 மில்லிலிட்டர், ஆவியானால் 80 மில்லிலிட்டருக்கு மேல் இடம் கேட்கும். பத்துச் சொட்டு ஆவி முக்கால் லிட்டரைத் தாண்டும். மாவின் மேல்முகமும் அடிமுகமும் கடும் சூட்டில் முதலில் இறுகிவிடுகின்றன. நடுவில் மட்டும் இன்னும் இளகிய மாவு. ஆவி அங்கே வழி கண்டு இரண்டு முகங்களையும் பிரிக்கிறது. அடுப்பு மந்தமாக இருந்தால் மாவு முழுவதும் ஒரே நேரத்தில் இறுகிப் பை உண்டாகாது. சுட்டெரிக்கும் அவசரம் இந்த ரொட்டிக்குக் கட்டாயம்.

தட்டில் இன்னொரு பக்கம் ஹம்முஸ். வெள்ளைக் கொண்டைக்கடலையை வேகவைத்து, எள் விழுது, எலுமிச்சை, பூண்டு சேர்த்து வெண்ணெயாக அரைத்தது. கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டக்காரர்கள் இதை வீட்டில் செய்து பார்த்தால் முதலில் மோதுவது தண்ணீரோடு. பாறையைத் துளைத்து எடுக்கும் போர்த் தண்ணீரில் கால்சியமும் மெக்னீசியமும் அதிகம். கடலையின் செல்களை ஒட்டிவைத்திருப்பது பெக்டின் என்ற தாவரப் பசை. கால்சியம் அந்தப் பசையின் இழைகளைக் குறுக்கே கட்டி இன்னும் இறுக்குகிறது. 'இந்தத் தண்ணியில பருப்பு வேகாது' என்று நம் வீடுகளில் சொல்வது இதைத்தான். ஃபுளோரைடு சிக்கலுக்காக இந்த இரு மாவட்டங்களுக்கும் வந்த ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர், காவிரியின் மேற்பரப்பு நீர் என்பதால், அடுப்படியிலும் சற்றுத் தயவு காட்டும். லெபனான் சமையற்காரர்களின் தீர்வு ஆப்பசோடா. ஊறும் நீரில் ஒரு சிட்டிகை போட்டால் நீர் காரத்தன்மை பெற்று, பெக்டின் இழைகள் அறுபடும். கடலை விரலிடுக்கில் நசுங்கும் அளவுக்கு வெந்துவிடும். ஹம்முஸில் கரகரப்பே இல்லாமல் இருப்பதன் பின்னணி இதுதான்.

எள் விழுது, அதாவது தஹினி, தனியாக ஒரு வேடிக்கை காட்டும். எண்ணெய் வழியும் அந்தத் திரவத்தில் ஒரு கரண்டி தண்ணீர் விட்டால் இளக வேண்டும் அல்லவா? அது களிமண்ணாகக் கெட்டிப்படும். எள்ளின் எடையில் ஏறக்குறைய பாதி எண்ணெய். மீதியில் தண்ணீரை விரும்பும் புரதமும் மாவுப்பொருளும் துகள்களாக மிதக்கின்றன. கொஞ்சம் தண்ணீர் கிடைத்ததும் துகள்கள் அதைக் குடித்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. பயப்படாமல் இன்னும் தண்ணீர் விட்டுக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் திடீரென்று தளர்ந்து, வெளுத்து, பாலாடையாகும். அந்த எள் பயிராக்கப்பட்டது நம் துணைக்கண்டத்தில் என்று மரபணு ஆய்வுகள் காட்டுகின்றன. ஹரப்பா அகழ்வில் கருகிய எள் கிடைத்திருக்கிறது. மேற்கே போன பயிர், விழுதாகத் திரும்பி வந்திருக்கிறது.

ஃபலாஃபெல் பற்றி ஒரு வரி: ஊறவைத்த கடலையை வேகவைக்காமல் அரைத்துப் பொரிப்பது, மசால்வடைக்கு நாம் செய்வதேதான், வெந்த கடலையில் செய்தால் எண்ணெயில் உதிர்ந்துவிடும்.

என் கணக்கில் அந்த மேசையின் மிகப் பெரிய அதிசயம் ஓரத்தில் சின்னக் கிண்ணத்தில் வரும் வெள்ளைப் பொருள். பெயர் தூம். உள்ளே இருப்பது பூண்டு, எண்ணெய், எலுமிச்சைச் சாறு, உப்பு மட்டும். முட்டை இல்லை, பால் இல்லை. ஆனாலும் கரண்டியைக் கவிழ்த்தால் விழாத அளவுக்குக் கெட்டி.

பூண்டிலிருந்து தொடங்குவோம். உரிக்காத பூண்டில் அந்தக் காரமான மணம் இல்லை. அல்லீன் என்ற பொருள் ஓர் அறையிலும், அல்லினேஸ் என்ற நொதி, அதாவது வினையை விரைவுபடுத்தும் புரதம், வேறோர் அறையிலும் பூட்டப்பட்டிருக்கின்றன. நசுக்கினால் சுவர் உடைந்து இரண்டும் சந்திக்கும். சில நொடிகளில் அல்லிசின் பிறக்கும். 1944இல் அமெரிக்காவில் கவல்லிட்டோ, பெய்லி என்ற இருவர் பிரித்தெடுத்துப் பெயரிட்ட பொருள் அது. பூச்சிக்கும் பூஞ்சைக்கும் எதிரான பூண்டின் ஆயுதம். நம் நாக்கில் எரிவதும் அதுவே. கடும் புளிப்பில் அந்த நொதி செயலிழக்கும். எனவே அரைக்கும்போதே எலுமிச்சை சேர்த்தால் தூம் சாதுவாகும். அரைத்து முடித்தபின் சேர்த்தால் கண்ணில் நீர் வரவைக்கும்.

அடுத்து எண்ணெய். ஒரு கோப்பைப் பூண்டுக்கு மூன்று, நான்கு கோப்பை எண்ணெயை நூலிழையாக விட்டு மிக்ஸியில் அடிக்க வேண்டும். கத்தி எண்ணெயை ஒரு மில்லிமீட்டரில் சில ஆயிரத்தில் ஒரு பங்கு அளவுள்ள துளிகளாக வெட்டுகிறது. ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் இப்படி உடைந்தால் 20,000 கோடிக்கு மேல் துளிகள். அவற்றின் மேற்பரப்பை எல்லாம் விரித்தால் 14 அடிக்கு 14 அடி அறையின் தரை நிறையும். அந்தப் பரப்பு முழுவதும் பூண்டுச் சாற்றிலுள்ள புரதங்களும் பிற பொருள்களும் மெல்லிய தோலாகப் போர்த்திக்கொள்கின்றன. தோல் போர்த்திய துளிகள் ஒன்றுசேர மறுக்கும். எண்ணெயும் நீரும் இப்படிப் பிரியாமல் நிற்கும் கலவைக்குப் பால்மம் என்று பெயர்.

கெட்டி எங்கிருந்து வந்தது? எண்ணெய் வழியும், எலுமிச்சைச் சாறும் வழியும்; சேர்த்தால் மட்டும் நிற்பானேன்? பழக்கடைக்காரர் சாத்துக்குடியை அடுக்குவதைப் பாருங்கள். ஒரே அளவுள்ள உருண்டைகளை எவ்வளவு நெருக்கி அடுக்கினாலும் இடத்தில் 74 விழுக்காடுதான் நிறையும். 1611இல் கெப்ளர் ஊகித்து, 1998இல் தாமஸ் ஹேல்ஸ் நிறுவிக் காட்டிய எல்லை இது. தூமில் எண்ணெயின் பங்கு இந்த எல்லையை நெருங்கி, சில நேரம் தாண்டியும் போகிறது. உருண்டையாக இருக்க இடமில்லாத துளிகள் ஒன்றையொன்று நசுக்கிப் பட்டை முகம் பெறுகின்றன. எந்தத் துளியும் அண்டைத் துளியைத் தள்ளாமல் நகர முடியாது. நெரிசலே திடப்பொருளாகிவிடுகிறது. அவசரப்பட்டு எண்ணெயை மடமடவென்று ஊற்றினால் நீர் துளியாகவும் எண்ணெய் கடலாகவும் இடம் மாறி, எல்லாம் ஒரு நொடியில் திரிந்துவிடும். அப்போது புதிதாகக் கொஞ்சம் பூண்டு விழுதும் ஐஸ் தண்ணீரும் எடுத்து, திரிந்ததையே எண்ணெயாகப் பாவித்து மறுபடி நூலிழையாக விட வேண்டும். பெரும்பாலும் மீண்டுவிடும்.

நம் ஊர் ஷவர்மாக் கடைகளில் தூமின் இடத்தை மயோனைஸ் பிடித்துக்கொண்டது. அதுவும் பால்மம்தான், துளிகளுக்குத் தோல் போர்த்துவது முட்டை மஞ்சள் கருவிலுள்ள லெசித்தின். வேலை சுலபம், சுவை சாது. ஆனால் முட்டை பச்சை. சால்மொனெல்லா கிருமிக்கு நல்ல வாகனம். கேரளமும் தெலங்கானாவும் தடை போட்டதைத் தொடர்ந்து, தமிழக அரசும் 2025 ஏப்ரல் 8 முதல் ஓராண்டுக்குப் பச்சை முட்டை மயோனைஸைச் செய்யவும் விற்கவும் தடை விதித்தது. கடைகள் பெரும்பாலும் பாக்கெட்டில் வரும் சைவ மயோவுக்கு மாறின. எனக்கு இதில் ஒரு வருத்தம் உண்டு. முட்டை இல்லாமல், பூண்டை மட்டும் வைத்தே இந்தச் சிக்கலைத் தீர்த்த மூலப் பொருள் கண்ணெதிரே இருக்கிறது. கோழி ஷவர்மாவுக்கு லெபனானில் தொட்டுக்கொள்வதும் அதைத்தான். மிக்ஸியும் பத்து நிமிடப் பொறுமையும் உள்ள எந்தக் கடையும் செய்யலாம்.

தூம் சாப்பிட்டவரை மறுநாளும் அடையாளம் காணலாம் என்பது உண்மைதான். பல் துலக்கினால் போகாது. பூண்டிலிருந்து குடலில் உண்டாகும் அல்லைல் மெத்தில் சல்ஃபைடு என்ற வாயுவை உடல் சட்டென்று சிதைப்பதில்லை. அது இரத்தத்தில் ஏறி நுரையீரல் வழியாக மூச்சில் வெளியேறிக்கொண்டே இருக்கிறது. அமெரிக்காவின் ஒஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் செய்த சோதனைகளில், பூண்டோடு பச்சை ஆப்பிள் துண்டு, புதினா, லெட்யூஸ் கீரை, தயிர் இவற்றில் ஒன்றைச் சாப்பிட்டால் மூச்சிலுள்ள கந்தக வாயுக்கள் வெகுவாகக் குறைவது தெரிந்தது. பச்சை இலைகளிலுள்ள ஃபீனால் பொருள்களும் நொதிகளும் கந்தகத்தைப் பிடித்துக்கொள்கின்றன. தயிரில் அந்த வேலையைப் புரதமும் கொழுப்பும் செய்கின்றன. பொடிப்பொடியாக நறுக்கிய பார்ஸ்லியும் புதினாவும் குவிந்த தப்பூலே, லெட்யூஸ் கலந்த ஃபத்தூஷ், கெட்டித் தயிரான லப்னே: லெபனான் மேசையில் தூம் கிண்ணத்தைச் சுற்றி எப்போதும் இருக்கும் தட்டுகள் இவை. ஷவர்மாவை மட்டும் பார்சல் வாங்குகிறவர்கள் இவற்றைக் கடையிலேயே விட்டுவிட்டு வருகிறார்கள்.